வண்டிக் கூரை எச்சரிக்கை விளக்கு: ஹாலஜனா, ஸ்ட்ரோபா, எல்இடியா?

கடை மேசைமேல் வைத்துச் சுவிட்சைத் தட்டினால் மூன்றுமே கண்ணைக் கூசவைக்கும். அந்தக் கூச்சத்தை நம்பி வாங்கியவர்கள்தான் பிறகு அதிகம் ஏமாறுகிறார்கள். விளக்கின் தரம் தெரிவது வேறு இடங்களில்: காலை ஏழு மணிக்கு தென்னாப்பிரிக்காவின் என்3 நெடுஞ்சாலையில் டர்பனை நோக்கி, சூரியனை எதிரில் வைத்துக்கொண்டு ஓட்டி வருபவரின் கண்ணில், வான் ரீனன் கணவாயில் மூடுபனி இறங்கியிருக்கும்போது, டோங்காட் பக்கம் கரும்பு லாரி பழுதாகி, இன்ஜினை அணைத்துவிட்டு மூன்று மணி நேரம் மெக்கானிக்குக்காகக் காத்திருக்கும்போது. இந்த மூன்று இடத்தையும் மனதில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். டோ டிரக் (பழுதான வண்டியை இழுப்பது), கரும்பு லாரி, குப்பை வண்டி, சாலைப் பராமரிப்பு பக்கி (பிக்அப் வண்டி), பெருஞ்சுமை வண்டிக்குத் துணை போகும் வண்டி ஆகியவற்றை வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது.

நிறம் உங்கள் விருப்பம் அல்ல

வகையைப் பற்றி யோசிப்பதற்கு முன் நிறம் முடிவாகிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அதை முடிவு செய்வது 1996-ஆம் ஆண்டின் 93-ஆம் எண் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதன்கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகளும்தான். மின்னும் நீலம் காவல்துறைக்கும் போக்குவரத்து அதிகாரிகளுக்கும். சிவப்பு ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு, மீட்பு வண்டிகளுக்கும். மஞ்சள், அதாவது ஆம்பர், பழுது வண்டியை இழுப்பவர்கள், பொதுச் சாலையைப் பராமரிப்பவர்கள், மின்சாரம் போன்ற அத்தியாவசிய சேவை வண்டிகள், குப்பை வண்டிகள், பெருஞ்சுமை வண்டியும் அதற்குத் துணை வரும் வண்டியும் போன்றவற்றுக்கு. ஆம்பர் விளக்கு வைக்க உரிமை இருந்தாலும் எப்போதும் எரியவிடக் கூடாது. வேலை நடக்கும் இடத்தில், பழுதான வண்டி நிற்கும் இடத்தில், அதை இழுத்துச் செல்லும்போது, பெருஞ்சுமை போகும்போது மட்டும்தான். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் எரிந்துகொண்டிருந்தால் அது தவறு. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. வெறுமனே மின்னும் விளக்குகளைத் தினமும் பார்க்கிற ஓட்டுநர்கள், உண்மையான ஆபத்தைக் காட்டும் விளக்கையும் அலட்சியமாகக் கடந்துவிடுவார்கள்.

நீல விளக்கை விளையாட்டுக்குக்கூடத் தொடாதீர்கள். நீல விளக்கைக் காட்டி வண்டியை நிறுத்திக் கொள்ளையடிக்கும் கும்பல்கள் இந்த நாட்டில் இருப்பதால் அதைப் போலீஸ் சாதாரணமாக விடுவதில்லை. நீலமும் ஆம்பரும் சேர்ந்த இரட்டை நிற எல்இடியை "நீலத்தை நான் போடமாட்டேன்" என்று சொல்லி வாங்குவதும் வேண்டாம்.

கோயில் காரியங்களில் அடிக்கடி எழும் கேள்வி: தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் ரதத்துக்கு முன்னும் பின்னும் போகும் பக்கியில் ஆம்பர் விளக்கு வைக்கலாமா? மேலே சொன்ன பட்டியலில் தனியார் பக்கி கிடையாது. முன்கூட்டியே மாநகரப் போலீசுக்கு எழுதி, அவர்களுடைய வண்டியையே முன்னும் பின்னும் வரச் சொல்லுங்கள். உங்கள் பக்கியில் ஹசார்டு விளக்கும், பின்னால் நடப்பவர்களுக்கு ஒளி திருப்பும் பட்டை தைத்த மேலங்கியும் போதும்.

நிறம் வகையையும் பாதிக்கிறது. ஹாலஜன் ஒளியில் மஞ்சளும் சிவப்பும் நிறைய இருக்கும், நீலம் குறைவு. அதனால் ஆம்பர் மூடிக்குள் ஹாலஜன் நன்றாகவே வேலை செய்யும்; நீல மூடியோ அதன் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஸ்ட்ரோபின் ஒளி நீலம் கலந்த வெள்ளை, ஆகவே நிலைமை தலைகீழ்: ஆம்பர் மூடி அதற்கு நஷ்டம். எல்இடி அந்தந்த நிறத்திலேயே ஒளியை உண்டாக்குவதால் வடிகட்ட ஒன்றுமில்லை. ஒளி ஊடுருவும் வெள்ளை மூடி போதும். நிற மூடியில் வெயில் பட்டால் அணைந்திருக்கும் விளக்கும் எரிவதுபோலத் தோன்றும். வெள்ளை மூடியில் அந்தக் குழப்பம் இல்லை.

ஹாலஜன் சுழல் விளக்கு

உள்ளே இருப்பது எளிய பொறி. நடுவில் அசையாமல் நிற்கும் எச்1 பல்பு, அதைச் சுற்றி ஓடும் ஒரு வளைந்த ரிஃப்ளெக்டர், அதைச் சுற்றவைக்க ஒரு சின்ன மோட்டார், இடையில் ரப்பர் உருளையோ பல்சக்கரமோ. 12 வோல்ட் வண்டிக்கு 55 வாட் பல்பு, 24 வோல்ட் லாரிக்கு 70 வாட் பல்பு. மோட்டாரையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும்.

இதன் பலம் ஒளி வரும் விதத்தில் இருக்கிறது. கற்றை சுழன்று வந்து கண்ணைக் கடந்து போகிறது. மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. விளக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் என்பதைக் கண் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். பழுதானால் வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம். பல்பு எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும்.

பலவீனம் மின்னழுத்தம். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகக் குறையும். 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பழைய சுழல் விளக்கு "மங்கிவிட்டது" என்று தூக்கிப்போடும் பலருடைய வண்டியில் மங்கியது விளக்கு அல்ல, வயர். மறுபக்கம், ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் கெட்டு 5 சதவீதம் வோல்ட் கூடினால் பல்பின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மாதம் ஒரு பல்பு போகிறது என்றால் பல்பைத் திட்டாமல், இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 14.5-க்கு மேல் நிலையாக நின்றால் அங்கேதான் கோளாறு.

பல்பு மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடேறி, கண்ணாடி உப்பி வெடிக்கும். தொட்டுவிட்டால் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டுப் பொருத்துங்கள்.

மோட்டார் நின்றுபோவதுதான் இந்த விளக்கின் கெட்ட நோய். ரிஃப்ளெக்டர் ஒரே பக்கம் பார்த்து நிற்க, 55 வாட் வெப்பமும் மூடியின் ஒரே இடத்தைத் தாக்கும். மூடியின் உள்பக்கம் ஐந்து சென்ட் காசு அளவுக்குப் பழுப்பாக, கொப்புளம்போல ஒரு தழும்பு தெரிந்தால் அந்த விளக்கு ஏற்கெனவே ஒருமுறை நின்றிருக்கிறது என்று அர்த்தம். பழைய விளக்கு வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ரப்பர் உருளை வழுக்கினாலும் இதே கதி. சுவரில் விழும் ஒளியைப் பார்த்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 120-க்குக் கீழே போனால் உருளையையும் அச்சையும் சுத்தம் செய்து, உருளை பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சுழல் விளக்குக்குள் எல்இடி எச்1 பல்பைச் செருகினால் இரண்டு உலகத்தின் நன்மையும் கிடைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். கிடைக்காது. இழை சுற்றிலும் ஒளி வீசும். மாற்றுப் பல்பிலோ எல்இடி துண்டுகள் ஒரு தட்டையின் இரு முகங்களில்தான் ஒட்டியிருக்கும். ரிஃப்ளெக்டர் அந்த முகங்களுக்கு எதிரே வரும்போது பளிச்சென்றும், விளிம்புக்கு எதிரே வரும்போது மங்கியும் தெரியும். அதாவது வண்டியின் இரண்டு பக்கங்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும், மற்ற இரண்டுக்கு அரைகுறை. அந்த மங்கிய பக்கம் உங்கள் வண்டியின் பின்புறமாக அமைந்துவிட்டால்? விளக்கின் அங்கீகாரமும் அதோடு செல்லாது.

ஸ்ட்ரோப்

ஸெனான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய், சில நூறு வோல்ட்டுக்கு ஏற்றப்பட்ட கெப்பாசிட்டர், குழாயைத் தூண்டிவிடச் சில ஆயிரம் வோல்ட் தரும் ட்ரிகர் காயில். கெப்பாசிட்டர் மொத்தமாகக் காலியாகும்போது ஒரு வெட்டு ஒளி. அது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது.

அந்தக் குறுமைதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். உச்ச ஒளியைக் கேண்டெலா என்ற ஒளிச்செறிவு அலகில் எழுதினால் மலைக்கவைக்கும் எண் வரும். ஆனால் கண் உச்சத்தைப் பார்ப்பதில்லை, சற்று நேரம் சேர்த்துப் பார்க்கிறது. பிளாண்டெல், ரே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1911-இல் வகுத்த கணக்கு இன்றும் எச்சரிக்கை விளக்குகளுக்குப் பயன்படுகிறது. அதன்படி ஏறத்தாழ 0.2 விநாடி அளவுகோலோடு ஒப்பிட்டுத்தான் ஒளித் துடிப்பின் பயனுறு செறிவு, அதாவது கண் உணரும் செறிவு, கணக்கிடப்படும். ஆகவே ஸ்ட்ரோபின் உச்ச எண்ணையும் ஹாலஜனின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். "பயனுறு செறிவு" என்று அட்டவணையில் இருந்தால் மட்டும் ஒப்பிடுங்கள். ஒற்றை வெட்டாக இல்லாமல் இரட்டை, நான்கு வெட்டாக அடுக்கித் தருகிற ஸ்ட்ரோபுகள் வந்ததும் இதனால்தான். இருட்டில் ஒற்றை வெட்டைப் பார்த்தவருக்கு ஏதோ மின்னியது தெரியும். அது 80 மீட்டரில் இருக்கிறதா 200 மீட்டரில் இருக்கிறதா என்பது தெரியாது. மூடுபனியில் இது இன்னும் மோசம்: பனி முழுவதும் ஒரு நொடி வெளுத்து, வண்டி எங்கே நிற்கிறது என்பதே மறைந்துபோகும்.

புதிதாக ஸ்ட்ரோப் வாங்க இன்று எங்களுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஏற்கெனவே நல்லபடி ஓடுவதை வைத்திருந்தால் ஓட்டுங்கள். பராமரிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: வயரைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். அணைத்துக் குறைந்தது 10 நிமிடம் விடுங்கள். அதன்பிறகும் போதிய வோல்ட் வரம்புள்ள மல்ட்டிமீட்டரால் அளந்து, கிட்டத்தட்டப் பூச்சியமான பிறகே கை வையுங்கள். குழாயின் முனைகள் கறுத்து, வெட்டு விட்டுவிட்டு வந்தால் குழாய் போய்விட்டது. குழாய் புதிதாக இருந்தும் வெட்டு விடுபட்டால், விளக்கிலிருந்து வரும் மெல்லிய "ஈ" என்ற இரைச்சலைக் கவனித்துக் கேளுங்கள். சுருதி ஏறி ஏறி வந்து வெட்டில் முடிந்தால் கெப்பாசிட்டர் ஏறுகிறது, தூண்டுதலில்தான் தவறு. சுருதி ஏறாமல் ஒரே நிலையில் நின்றால் கெப்பாசிட்டரோ அதை ஏற்றும் பவர் பெட்டியோ காலம் முடிந்தது. பவர் பெட்டியிலிருந்து விளக்குத் தலைக்குப் போகும் கேபிளில் உயர் வோல்ட் ஓடுகிறது. அதைச் சாதாரண வயரால் ஒட்டுப்போடாதீர்கள். ரேடியோவில் இரைச்சல் கேட்கத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த ஒட்டிலிருந்துதான்.

எல்இடி: வாங்கலாம், ஆனால் எதை?

மின்சாரம் குறைவு, அசையும் பாகம் இல்லை, துடிப்பின் நீளத்தை வேண்டியபடி வைக்கலாம். பெரும்பாலான வண்டிகளுக்கு இன்று எல்இடிதான் சரி. இருந்தும் தரமற்ற எல்இடியைவிட நல்ல ஹாலஜன் எவ்வளவோ மேல். கடையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வேறுபாடு முத்திரையில் தெரியும்.

விளக்கின் அடியிலோ மூடியின் விளிம்பிலோ வட்டத்துக்குள் "ஈ" என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பதிந்திருக்க வேண்டும். எண் எந்த நாடு அங்கீகரித்தது என்பதைச் சொல்லும்: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன், 47 தென்னாப்பிரிக்கா. எந்த எண்ணாக இருந்தாலும் சோதனை ஒன்றுதான். பக்கத்தில் ஐ.நா. ஒழுங்குவிதி 65-ஐக் குறிக்கும் குறியீடு இருக்க வேண்டும். "டிஏ1" (TA1) என்றால் சுற்றிலும் தெரியும் ஆம்பர் விளக்கு, ஒரே ஒளி அளவு. "டிஏ2" (TA2) என்றால் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு ஒளி அளவு. "எக்ஸ்ஏ" (XA) என்று தொடங்கினால் ஒரு திசைக்கு மட்டும் மின்னுவது, கிரில்லிலோ பின்கதவிலோ வைப்பது; அதைக் கூரையில் ஒன்று வைத்துவிட்டுச் சுற்றிலும் தெரியும் என்று எண்ணாதீர்கள். அந்த ஒழுங்குவிதிப்படி துடிப்பு விநாடிக்கு 2 முதல் 4 வரை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க எஸ்ஏஇ ஜே845 தரத்திலும் "கிளாஸ் 1, கிளாஸ் 2" என்று வரும். அங்கே கிளாஸ் 1 என்பதுதான் அதிகச் செறிவு. 2, 3 என்று போகப் போகக் குறையும். ஐ.நா. விதியில் 2 என்பது இரவில் மங்கக்கூடியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "கிளாஸ் 2 வேண்டும்" என்று கேட்டால் மங்கலான அமெரிக்க விளக்கு ஒன்று உங்கள் தலையில் கட்டப்படலாம். எந்தத் தரத்தின் கிளாஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

இரவில் மங்கும் வசதியை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். லோட் ஷெடிங் மின்வெட்டில் தெருவிளக்கும் ரோபோவும் (சிக்னல் விளக்கும்) அணைந்த சாலையில், கண் இருட்டுக்குப் பழகிய ஓட்டுநருக்கு முழுப் பகல் அளவில் மின்னும் எல்இடி என்ன செய்யும்? விளக்கு மட்டும் தெரியும். அதற்குக் கீழே குனிந்து சக்கரம் கழற்றும் ஆள் தெரியமாட்டார். நெடுஞ்சாலை ஓரத்தில் வேலை செய்பவர்களுக்கு நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது இந்த ஒரு வசதியைத்தான். சில விளக்குகளில் ஒளி உணரி தானாக மங்கவைக்கும். சிலவற்றில் தனி வயர் இருக்கும். அதை வண்டியின் பார்க்கிங் விளக்கு வயரோடு இணைத்தால் விளக்குப் போட்டதும் மங்கும். அந்த வயரை இணைக்காமல் சுருட்டி டேப் சுற்றி விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

அடுத்தது வெப்பம். ஆம்பர் எல்இடி துண்டு, நீலத்தைவிட வெப்பத்துக்கு மிகவும் பலவீனம். சூடேறச் சூடேற ஒளி கணிசமாகக் குறையும். ஜனவரி வெயிலில் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் நிற்கும் லாரிக் கூரை எவ்வளவு கொதிக்கும் என்று தொட்டவர்களுக்குத் தெரியும். அடிப்பகுதி கனமான அலுமினிய வார்ப்பாக இருந்தால் வெப்பம் இறங்கும். முழுவதும் பிளாஸ்டிக்காகவும் கையில் எடைகுறைவாகவும் இருந்தால் வேண்டாம். கடையில் 20 நிமிடம் எரியவிடச் சொல்லுங்கள். அடிப்பகுதி வெதுவெதுப்பாவது நல்ல அறிகுறி. உள்ளே வெப்பம் பிறந்தும் வெளியே குளிர்ச்சியாகவே இருந்தால் அது துண்டுகளிலேயே தங்குகிறது.

தண்ணீர். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே போகாது என்று பொருள். அது உயர் அழுத்தக் குழாயால் கழுவுவதைத் தாங்கும் என்ற உறுதி அல்ல. லாரியைப் பிரஷர் வாஷரால் கழுவுகிறவர்கள் ஐபி69கே பாருங்கள். எதுவானாலும் கழுவும்போது முனையை விளக்கின் அடி விளிம்புக்கு நேராகப் பிடிக்காதீர்கள். காலையில் மூடிக்குள் பனித்துளி கட்டி, மத்தியானம் மறைந்தால் சீல் விட்டுவிட்டது. துண்டுகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவது அதற்குச் சில மாதங்களில் தொடங்கும். பெரும்பாலான எல்இடி விளக்குகளில் துண்டை மட்டும் மாற்ற முடியாது, முழு விளக்கையும் மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலத்தைக் கேட்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

10 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் விளக்கானால் பக்கியிலும் லாரியிலும் மாற்றி மாற்றிப் பொருத்தலாம். இருவழி ரேடியோ உள்ள வண்டி என்றால் ஐ.நா. ஒழுங்குவிதி 10-இன் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான எல்இடியின் டிரைவர் சுற்று, ரேடியோ ஒலியை இரைச்சலால் விழுங்கிவிடும். பத்து இருபது துடிப்பு வகை இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பதற்றமாகத் துடிக்கும் வகைகள் இருட்டில் திசையைக் குழப்பும். நின்று வேலை செய்யும் வண்டிக்கு நிதானமான ஒற்றை அல்லது இரட்டைத் துடிப்பு போதும்.

பேட்டரிக் கணக்கு

இரண்டு ஹாலஜன் சுழல் விளக்கு 10 ஆம்பியர். இன்ஜினை அணைத்து மூன்று மணி நேரம் எரிந்தால் 30 ஆம்பியர்-மணி. பக்கியின் பேட்டரி 70 ஆம்பியர்-மணி என்றால் கிட்டத்தட்டப் பாதி. ஜூலையில் ஹாரிஸ்மித் பக்கம் விடியற்காலைக் குளிரில் டீசல் இன்ஜினைக் கிளப்ப மீதிப் பாதி போதாமல் போகலாம். பேட்டரி இறங்க இறங்க ஹாலஜனும் மங்கும். ஆளுக்கு 1.2 ஆம்பியர் இழுக்கும் இரண்டு எல்இடி அதே மூன்று மணி நேரத்தில் எடுப்பது 7.2 ஆம்பியர்-மணி, அதுவும் கடைசிவரை ஒரே ஒளியில்.

அந்தக் குறைந்த இழுப்பே ஒரு வலை ஆகலாம். பகலில் எரிவது தெரியாமல் ஓர் எல்இடியை வெள்ளி மாலை அணைக்க மறந்துவிட்டால், ஞாயிறு மாலைக்குள் 48 மணி நேரத்தில் 1.2 ஆம்பியர் வீதம் 58 ஆம்பியர்-மணி போயிருக்கும். சுவிட்சில் சிவப்புக் காட்டி விளக்கு இருக்கட்டும். முடிந்தால் 12 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் துண்டிக்கும் கருவியையும் சேருங்கள்.

24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் விளக்கை எரியவைக்க, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஒரு பேட்டரி பட்டினி கிடக்க, மற்றது அளவுக்கு மீறி ஏறும். சில மாதங்களில் இரண்டும் சாகும்.

இடமும் வயரும்

முதலில் கூரையைத் தட்டிப் பாருங்கள். பக்கியின் பின்மூடி ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியமாக இருந்தால் காந்த அடி ஒட்டாது. இரும்பு கேபின் கூரையில்தான் வைக்க வேண்டும். காந்தம் ஒட்டினாலும் விளக்கோடு வந்த தாளில் எத்தனை கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். 120-இல் ஓடும் நெடுஞ்சாலைக்கு அது போதாவிட்டால் போல்ட் போடும் அடி வாங்குங்கள். காந்தத்தின் அடியில் மணல் சிக்கினால் பிடியும் போகும், பெயின்டும் போகும்.

சாய்வைக் கவனியுங்கள். எல்இடியின் கற்றை மேலும் கீழும் குறுகியது. ஆம்பருக்கு ஒழுங்குவிதி கேட்பதே மேலே 8 டிகிரி, கீழே 8 டிகிரிதான். கூரை 5 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் 100 மீட்டர் தூரத்தில் கற்றையின் நடுப்பகுதி ஒரு பக்கம் வானத்தில் கிட்டத்தட்ட 9 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும், எதிர்ப்பக்கம் தரையில் இறங்கிவிடும். விளக்கின் அடியில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் அகல அடிக்கு 5 டிகிரி என்பது ஒரு விளிம்பில் 13 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு ரப்பர் ஆப்பு வெட்டி வைத்தால் சரியாகிவிடும்.

கரும்புச் சுமை, தூக்கிய டிப்பர் பெட்டி, டோ டிரக்கின்மேல் ஏற்றிய வண்டி, இவை கேபின் கூரையிலுள்ள விளக்கைப் பின்னால் வருபவரிடமிருந்து முழுதாக மறைத்துவிடும். பின்னால் வருபவர்தான் உங்கள்மேல் மோதக்கூடியவர். சுமை ஏற்றிய பிறகு 20 மீட்டர் தள்ளிச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு காரில் உட்கார்ந்த உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். ஒரு மூலையில் மறைந்தாலும் பின்பக்கம் தனியாக இன்னொன்று வேண்டும். இரண்டையும் ஒத்திசைவு வயரால் இணைத்துச் சேர்ந்து துடிக்க வையுங்கள்.

வயரில்தான் பெரும்பாலான பணம் மிச்சப்படுத்தப்படுகிறது, பெரும்பாலான விளக்கும் அங்கேதான் சாகிறது. பேட்டரியிலிருந்து விளக்குக்கு 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். இரண்டு ஹாலஜனின் 10 ஆம்பியர், 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஓடினால் ஏறத்தாழ 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஒளியில் கால்வாசி காலி. 2.5-இல் 0.7 வோல்ட். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.44 வோல்ட், ஒளி இழப்பு பத்தில் ஒரு பங்குதான். ஹாலஜனுக்கு 4 போடுங்கள், 15 ஆம்பியர் ஃபியூஸ். இரண்டு எல்இடிக்கு 1.5 வயரும் 5 ஆம்பியர் ஃபியூசும் தாராளம். ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் வைத்த ஃபியூஸ் விளக்கைக் காக்கலாம். இடையில் கூரைத் தகட்டில் உரசி ஷார்ட் ஆகும் வயரைக் காக்காது.

சுவிட்சுக்குப் பதிலாக விளக்கின் மின்சாரத்தைத் தாங்கும் நான்கு முனை ரிலே ஹாலஜனுக்குக் கட்டாயம். பேட்டரி வயர் ஃபியூஸ் வழியாக 30-ஆம் முனைக்கு, 87 விளக்குக்கு, சுவிட்சிலிருந்து வருவது 86-க்கு, 85 எர்த். 10 ஆம்பியரை நேராக டாஷ்போர்டு சுவிட்சில் ஓட்டினால் அதன் உள்முனை கருகி, பிளாஸ்டிக் இளகும். எர்த் வயரைக் கைக்குக் கிடைத்த ஸ்க்ரூவில் கட்டாமல், பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் கட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். ஃபைபர்கிளாஸ் மூடியில் பொருத்துகிறீர்கள் என்றால் எர்த்துக்கும் பேட்டரி வரை தனி வயர் வேண்டும்.

டர்பன் முதல் ரிச்சர்ட்ஸ் பே வரை கடற்காற்றில் உப்பு. சாதாரணச் செம்புக் கம்பி வெட்டிய முனையிலிருந்து பச்சை பிடித்து, உறைக்குள்ளேயே பல சென்டிமீட்டர் அரித்துக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் வயர் புதிதுபோல இருக்கும். வெள்ளீயம் பூசிய கம்பியும், ரப்பர் சீல் வைத்த கனெக்டரும், உள்ளே பசை உருகும் வெப்பச் சுருக்குக் குழாயும் பயன்படுத்துங்கள். ஓடும் வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்புகள் கடலோரத்தில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. துளையில் ரப்பர் வளையம் போட்டு, சுற்றி சிலிக்கான் தடவி, வயரைத் துளைக்குள் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்கவிடுங்கள். மழைநீர் வளைவின் அடியிலிருந்து சொட்டிவிடும், உள்ளே ஓடாது. ரேடியோ ஆன்டெனா கேபிளோடு விளக்கு வயரைச் சேர்த்துக் கட்டாமல் 30 சென்டிமீட்டராவது விலக்கிக் கொண்டுபோங்கள்.

இரவுச் சோதனை

எல்லாம் முடிந்த பிறகு தெருவிளக்கு இல்லாத இடத்தில் நிறுத்தி எரியவிடுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் பானெட்டிலோ முன்கண்ணாடியிலோ துடிப்பு திருப்பி அடிக்கிறதா? அடித்தால் விளக்கைப் பின்னுக்குத் தள்ளுங்கள் அல்லது கீழ்நோக்கிய ஒளியைக் கறுப்புப் பட்டையால் தடுங்கள். பிறகு ஒருவர் வண்டியின் பின்சக்கரத்தருகே கறுப்புச் சட்டையில் குனிந்திருக்க, மற்றவர் 100 மீட்டரிலிருந்து நடந்து வந்து, ஆள் எந்த இடத்தில் முதலில் தெரிகிறார் என்று குறித்துக்கொள்ளட்டும். விளக்கை இரவு அளவுக்கு மங்கவைத்து மறுபடி நடந்து வாருங்கள். மங்கிய அளவில் ஆள் முன்னதாகத் தெரிந்தால், பார்க்கிங் விளக்கோடு இணைத்த அந்த வயர் வேலை செய்கிறது.

விளக்கு இருக்கிறது என்று முக்கோணத்தை மறக்காதீர்கள். விதிப்படி அது வண்டியிலிருந்து குறைந்தது 45 மீட்டர் தள்ளி, வரும் வண்டிகளின் திசையில் இருக்க வேண்டும். 120 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் 45 மீட்டரை 1.35 விநாடியில் கடந்துவிடுவார். விநாடிக்கு இருமுறை துடிக்கும் விளக்கு அதற்குள் மூன்று முறைக்கு மேல் மின்னியிருக்காது. நெடுஞ்சாலையில் நிற்கும்போது முக்கோணத்தை 45-இல் நிறுத்தாமல் இன்னும் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். வளைவுக்கு அப்பால் நிற்கிறீர்கள் என்றால், அது வளைவுக்கு முன்பே கண்ணில் படவேண்டும்.